மண்ணின் கலவையும் நீரின் போக்கும்

பாசனத் திட்டம் என்றதும் அணையின் கொள்ளளவும் கால்வாயின் நீளமுமே பேசப்படுகின்றன. அந்நீரை ஏற்கும் மண்ணின் தன்மை அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை.

மணல் துகள்கள் பருமனானவை. அவற்றின் இடைவெளிகளும் அகன்றவை. ஆகவே நீர் விரைந்து இறங்குகிறது. களித்துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதனூடே நீர் மிக மெதுவாகவே நகரும். இரண்டும் கலந்த மண்ணில் வேகம் சராசரியாக அமையும் என எண்ணுவது தவறு. நுண்துகள்கள் மணலின் இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால், சிறிதளவு களியே நீரோட்டத்தைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. மண் அடுக்கடுக்காக அமைந்திருப்பின், நீர் எளிதில் புகாத அடுக்கே கீழிறங்கும் வேகத்தை நிர்ணயிக்கிறது.

இவ்வுண்மையை இராஜஸ்தான் உணர்த்திற்று. சட்லெஜ், பியாஸ் நதிகள் கூடும் ஹரிகேயிலிருந்து புறப்படும் இந்திரா காந்தி கால்வாயில் 1961-இல் முதன்முதலாக நீர் விடப்பட்டது. பாலைநிலம் பசுமை கண்டது. ஆயினும் இன்றைய ஹனுமான்கர் மாவட்டத்தின் சில பகுதிகளில், மேற்பரப்பில் மணல் இருந்தபோதிலும், சிறிது ஆழத்திலேயே ஜிப்சம் அடங்கிய இறுகிய அடுக்கு இருந்தது. மணல் வழியே இறங்கிய நீர் அதன்மேல் தேங்கிற்று. நீர்மட்டம் உயர, உப்பும் மேலே வந்தது. வறட்சி நீக்க வந்த நீரே வயல்களைப் பாழாக்கிற்று.

நீரைக் கொண்டுவரும் செலவுடன் ஒப்பிடின், மண்ணைத் துளையிட்டு ஆராயும் செலவு சொற்பமே. அடிமண்ணை முன்னரே அறிந்து, அதற்கேற்பப் பயிரையும் நீரளவையும் வடிகாலையும் வகுப்பதே உண்மையான சிக்கனமாகும்.