கீறலும் மடக்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாப்பைப் பற்றி ஏதேனும் சொல்வேன் என்று எதிர்பார்த்து அமர்ந்திருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, இசைத்தட்டைக் கையால் தேய்த்து ஒலி எழுப்பும் டி.ஜே.க்களின் தொழில்நுட்பம். பொறுத்துக் கேட்பீர்களாயின், இதுவும் யாப்பைப் பற்றிய பேச்சே என்பது முடிவில் விளங்கும்.

ஒருவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால், 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்கிறோம். நான் சிறுமியாக இருந்த நாளில், தென்காசி வட்டாரத்துக் கோயில் கொடைகளில் ரேடியோ செட் வைப்பவர் எங்களுக்கெல்லாம் ஒரு பெரிய மனிதர். தட்டில் முள் சிக்கி ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலித்தால், ஊரே சிரிக்கும். அவர் ஓடிவந்து முள்ளைத் தூக்கி நகர்த்துவார். சில வேளை அந்த முள் கையின்மேல் ஒரு நாணயத்தையும் வைப்பார். கீறல் அவருக்கு மானக்கேடு. அதே கீறலைக் கலையாக்கிய வரலாற்றைத்தான் இங்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். ஆடுவோர் பாட்டு முழுவதற்கும் ஆடவில்லை. குரல் ஓய்ந்து தாளக்கருவி மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே காத்திருந்தனர். இதைக் கூர்ந்து கண்ட ஹெர்க், ஒரே தட்டின் இரு படிகளை இரு சுழலிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றொன்றில் அதைத் தொடங்கும் முறையைக் கைக்கொண்டார். நொடிகள் நிமிடங்களாக நீண்டன.

அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ், தட்டின்மேல் மெழுகுக் கோலால் குறியிட்டு, எத்தனை சுற்றுப் பின்னே திருப்பினால் விரும்பிய இடம் வரும் என்று கணக்கிட்டார். 1970களின் நடுவில், தியோடர் என்னும் பதின்பருவச் சிறுவர், ஓசையைக் குறைக்கச் சொல்லித் தாய் கண்டிக்க வந்தபோது தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். அப்போது பிறந்த ஒலியே ஸ்கிராட்ச் ஆயிற்று என்பது அவரே சொன்ன செய்தி.

தட்டுக்கும் சுழலிக்கும் இடையே வழுவழுப்பான ஒரு துணிவட்டம் இருக்கும். ஆகவே அடியில் சுழலி ஓடிக்கொண்டிருக்கத் தட்டை மட்டும் விரலால் நிறுத்தலாம். ஒரு கை தட்டை அசைக்கும். மறு கை மிக்சரின் தள்ளுவிசையால் ஒலியைத் திறந்து மூடும். 'கிராப்' எனப்படும் நண்டு முறையில், நான்கு விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்விசையைத் தட்டி விலக, கட்டைவிரல் அதை மீட்கும். ஒரே அசைவு பல துண்டுகளாகத் தெறிக்கும். தவில்காரரின் விரலோட்டம் நினைவுக்கு வரும்.

கலத்தல் இதனினும் அமைதியான திறன். நிமிடத்துக்கு 100 தட்டுள்ள பாட்டின் முடிவில் 104 தட்டுள்ள பாட்டை இணைக்க வேண்டுமானால், இரண்டில் ஒன்றின் வேகத்தை ஏறத்தாழ நான்கு விழுக்காடு மாற்றவேண்டும். ஒரு செவி ஹெட்போனில் வரப்போகும் பாட்டைக் கேட்கும். மறு செவி அரங்கில் ஒலிப்பதைக் கேட்கும். இணைந்த இடம் ஆடுவோருக்குத் தெரியலாகாது.

தமிழ் படித்தவர்க்கு இவ்விரண்டும் புதியன அல்ல. முன் பாட்டின் முடிவே பின் பாட்டின் முதலாவது அந்தாதி. ஒரே எழுத்துத் தொடர் மீண்டு வந்து வேறு பொருள் தருவது, தண்டியலங்காரம் சொல்லணியியலில் வகுத்த மடக்கு; யமகம் என்பதும் அதுவே. 'மாலை வந்தது, மாலை வாடியது' என்றால், ஒலி ஒன்றே, பொழுது மலராகிவிட்டது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், இரண்டையும் சேர்த்துக் குற்றால யமக அந்தாதி பாடியவர். குற்றாலக் குறவஞ்சி பாடியவரும் அவரே. குறவஞ்சியிலும் திருப்பிச் சொல்லல் உண்டு: விருத்தத்தில் சொன்ன செய்தியை அடுத்த கீர்த்தனை தாளத்திலேற்றி மீண்டும் சொல்கிறது. வசந்தவல்லி பந்தாடும் இடத்தில் சொல்லே பந்தாகத் துள்ளுகிறது. 1944இல் கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி அதை நாட்டிய நாடகமாக்கினார். யமக அந்தாதியோ உரையோடு வைத்துப் படிக்கும் நூலாகவே நிற்கிறது. ஒரே கவிஞர், ஒரே தலம், ஒரே ஊர்த் தமிழ். எனினும் ஒன்றுக்குக் கால்கள் கிடைத்தன; மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை.

டி.ஜே.க்களிடையேயும் இதே பிரிவு நேர்ந்தது. 1990களில் 'டர்ன்டேபிளிசம்' என்று பெயர் பெற்ற போட்டிக் கலையில் வியத்தகு விரைவும் நுணுக்கமும் வளர்ந்தன. ஆனால் எதிரே நின்றவருள் ஆடுவோர் குறைந்து, பிற டி.ஜே.க்கள் மிகுந்தனர். வித்தைக்கு வித்தகரே அவையாயினர். அந்த உழைப்பை நான் இகழவில்லை. யமகத்தில் பழகிய கைதான் குறவஞ்சியின் சந்தத்தையும் எழுதியது என்றே கருதுகிறேன். ஆயினும் அக்கலையின் தொடக்கத்தில் இருந்தது கைத்திறன் அன்று. ஆடுவோர் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று கண்ட கவனம்.

'பிறர் பாட்டை எடுத்து ஆள்பவன் படைப்பாளி ஆவானா?' என்று கேட்கலாம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கம்பனில் பல பாடல்களை இடைச்செருகல் என விலக்கினார், பாடங்களைத் திருத்தினார். புலவர் பலர் சினந்தனர்; திருத்தங்கள் எல்லாவற்றையும் என்னாலும் ஏற்க இயலாது. ஆனால் அவர் ஒரு செய்யுளைப் பாடிக் காட்டக் கேட்டுக் கம்பனிடம் வந்தவர்கள் பலர். எடுத்தாளும் கைக்கு உரிமை தருவது எதிரே இருக்கும் செவிதான். மூலத்துக்கு உரியவர் பெயரைச் சொல்லும் கடமை அதனால் தீர்ந்துவிடாது.

இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். பத்தாண்டுகளாகக் கவியரங்கு நடத்துகிறோம். ஒவ்வோர் அடியையும் இருமுறை சொல்கிறோம். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே என்ன நேர்ந்தது என்று கேட்டதுண்டா? கைதட்டலுக்காகத் திருப்பினோமா, அடுத்த அடி நினைவுக்கு வரும் வரை திருப்பினோமா, கேட்பவர் அங்கே நிற்க விரும்பினார் என்பதற்காகத் திருப்பினோமா? நானும் தாளைப் பார்த்தே படித்து, அவையைப் பாராமல் இறங்கியிருக்கிறேன்.

அடுத்த கவியரங்கில், ஒரு செவியைக் கையிலுள்ள கவிதைக்கும் மறு செவியை அவைக்கும் கொடுப்போம். இரண்டாம் முறை சொல்லும்போது அந்த அடி முன்னைவிடச் சற்றேனும் வேறாக ஒலித்தால், அது மடக்கு. ஒலிக்காவிட்டால், ரேடியோ செட்காரரைப் போல முள்ளைத் தூக்கி நகர்த்திவிடுவதே நல்லது.