ஒல்லிக்குள் ஒளிந்த கொழுப்பு

ஆரணிப் பக்கம் சேவூரில் பட்டுத்தறி நெய்கிற ஒல்லியான ஒருவருக்குச் சர்க்கரை என்றால், "இந்த உடம்புக்கா?" என்றுதான் ஊரே கேட்கும்.

புனே கே.இ.எம். மருத்துவமனை ஆய்வாளர் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் ஒல்லி உடம்பிலும் சர்க்கரைக்கு வழிவிடும் கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதற்குத் தன் உடம்பையே சாட்சிக்கு நிறுத்தினார். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கில் அவருக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யட்கினுக்கும் ஒரே எண்: 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். நம்மவருக்கோ 21.2! இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தோடு 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வந்தது. ஆராய்கிறவரே ஆராய்ச்சிப் பொருளாவது கொஞ்சம் குறும்புதான்.

ஆனால் அந்தக் குறும்புக்குப் பின்னால் வருஷக்கணக்கான கிராமத்து அலைச்சல் இருக்கிறது. புனே அருகே ஆறு கிராமங்களில் 1993 முதல் கர்ப்பிணிகளைத் தேடிப் போனது யாக்னிக்கின் குழு. குழந்தை பிறந்ததும் எடை பார்ப்பார்கள்; சின்னக் கருவியால் தோலை மெல்லக் கவ்வி, மடிப்பின் கனத்தையும் அளப்பார்கள். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. நம் குழந்தைகளுக்குத் தசை ரொம்பக் குறைவு. முதுகுத் தோலடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அதாவது, கதை தொட்டிலுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

எடை மெஷின் இந்த ஒளிந்த கொழுப்பைச் சொல்லாது. தையற்காரரின் இஞ்ச் டேப் ஓரளவு சொல்லும்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.