“எல்லாரும் வாங்குகிறார்களே!”



2020 மார்ச் 16-ஆம் தேதி இரவு. 18-ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வரும் என்று அன்றைய பிரதமர் டான் ஸ்ரீ முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் அறிவித்தார். மறுநாள் ஜொகூர் பாருவில் இரண்டு வரிசைகள். ஒன்று கடற்பாலத்தில், துணிமணிப் பையோடு நம் பிள்ளைகள். இன்னொன்று பேரங்காடியில், அரிசி மூட்டையோடு நாம்.

இரண்டும் கூட்டம்தான். ஆனால் ஒன்றல்ல! பாலத்தில் நின்றவனுக்குக் காரணம் தெரியும்: இன்று அக்கரை போகாவிட்டால் சிங்கப்பூர் வேலை என்னாகுமோ என்ற பயம். பேரங்காடியில் நின்ற நமக்கு? மளிகைக் கடைகள் திறந்திருக்கும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்களே! எனக்கு முன்னால் நின்றவரிடம், “ஏன் அண்ணே இவ்வளவு?” என்று கேட்டேன். “எல்லாரும் வாங்குறாங்களே” என்றார். எனக்குப் பின்னால் நின்றவர் என்னைப் பார்த்து வந்திருப்பார். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் வரிசை மட்டும் நீண்டது.

நேயர்களே, அரிசி வீணாகாது, சமைத்துவிடலாம். சேமிப்பு போனால்?

எங்கள் சின்னம்மா ஒருவர் தம் சேமநிதிப் பணத்தை ஒரு ‘முதலீட்டில்’ போட்டார். மாதம் 10 விழுக்காடு லாபமாம். கோயிலுக்கு வருகிறவர்கள் போட்டார்கள், பக்கத்து வீட்டார் போட்டார்கள். முதல் சில மாதம் பணமும் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர் பணம்தான் பழையவருக்கு லாபமாக வந்தது! ஒரு நாள் எல்லாம் நின்றது. “நீங்க போட்டீங்கன்னுதானே அக்கா நானும் போட்டேன்” என்றார் பக்கத்து வீட்டம்மா. அன்றிலிருந்து சின்னம்மா உறவினர் வீட்டு விசேஷங்களுக்கே வருவதில்லை.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். எந்தக் கோடு எதற்குச் சமம் என்று கேட்டார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள், முன்பே பேசிவைத்தபடி, தப்பாகச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே சொன்னார்கள். ஆனால் அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், பணிந்துபோவது வெகுவாகக் குறைந்தது!

ஊரோடு ஒத்து வாழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டும் முன்பு, “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். “அவர் சொன்னார்” என்றால், அந்த அவரிடமும் கேளுங்கள். பேங்க் நெகாரா எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். பெயர் அதில் இல்லை என்பதாலேயே நம்பியும் விடாதீர்கள்.

சின்னம்மாவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.