கண்ணாடி மண்டபமும் பின்கட்டும்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், போன தை மாதம் வரையில் நிலக்கடலை காயப்போட்டிருந்த ஒரு திடலில், இன்று இரண்டு ஆள் உயரத்திற்குக் கண்ணாடி நிறுத்தி, சலவைக்கல் பரப்பி, வாசலில் வாழைமரம் கட்டி, புதிய மோட்டார் கார் விற்பனை நிலையம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். ஷோரூம் என்று கேட்டால்தான் எங்கள் ஊரில் வழி சொல்வார்கள். குத்துவிளக்கேற்றி, முதல் வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியை வாங்கியவரின் தாயார் கையில் கொடுத்த அந்த வைபவத்தில் அடியேனும் சந்தனம் பூசிக்கொண்டு நின்றேன்.

ஆனால் என் கண் கண்ணாடியில் நிலைக்கவில்லை, பின்கட்டிலுள்ள பணிமனையையே தேடிற்று. முப்பத்தைந்து வருஷம் மதுரையில் கிரீஸ் கையோடு ஜீவனம் செய்தவன் வேறெதைத் தேடுவான்?

மதுரையில் 1911-ஆம் ஆண்டு தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1912-இல் பஸ் ஓட்டியது தஞ்சாவூருக்கும் எங்கள் புதுக்கோட்டைக்கும் இடையேதான். பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களை விற்பனை செய்த அவருடைய ஸ்தாபனம், விற்றதோடு நில்லாமல் பழுது பார்க்கும் பணிமனைகளையும் கூடவே வளர்த்தது. இரண்டாவது மகாயுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓடுவதற்கான சாதனத்தையும் செய்து கொடுத்தது. விற்பவனுக்கு வண்டி ஓடுகிற காலம் முழுதும் பொறுப்பு உண்டு என்ற தர்மம் இந்தப் பக்கத்தில் பழையது.

நான் தொழில் பழகியது அம்பாசடரில். அதன் 1489 சி.சி. எஞ்சினில் வால்வுக்கு மேலே விடவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் 15 கூறு. அது கொஞ்சம் அகன்றாலும் எஞ்சின் தையல் மெஷினைப்போல் தடதடக்கும். எங்கள் மேஸ்திரி நீளமான திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். “தம்பி, வண்டி பேசுதுடா, நீ வாயை மூடு” என்பார்.

ஒருநாள் தேவகோட்டைப் பெரியவர் ஒருவர், ஓடும்போது வண்டி முன்பக்கம் ஹூவென்று இரைகிறது என்று கொண்டுவந்தார். வேறோரிடத்தில் இரண்டு டயர் புதிதாக மாற்றியும் இரைச்சல் போகவில்லையாம். மேஸ்திரி பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் போனார். வலப்பக்கம் ஒடித்தபோது இரைச்சல் ஏறிற்று, இடப்பக்கம் ஒடித்தபோது அடங்கிற்று. வலப்புறம் திரும்பும் வண்டியின் பாரம் இடப்புறச் சக்கரத்தின்மேல் சாயுமல்லவா? “ஐயா, டயர்மேல தப்பில்லீங்க, இடது வீல் பேரிங் போயிருக்கு” என்றார். கழற்றிக் காட்டினோம், உள்ளே குண்டுகளெல்லாம் அரித்துக் கிடந்தன. பெரியவர், டயருக்கு அழுத காசை நினைத்தோ என்னவோ, நெடுநேரம் பேசவில்லை.

இன்றைய வண்டிகளில் ஒரு வயரைச் சொருகினால் கம்ப்யூட்டர் குறையைச் சொல்லிவிடுகிறதே என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அது பெரிய சௌகரியந்தான், நான் மறுக்கவில்லை. ஆயினும் பேரிங் இரைச்சல் பெரும்பாலும் அந்தத் திரையில் வராது. அதற்கு இன்றைக்கும் ஒருவன் ஓட்டிப் பார்த்துக் காது கொடுத்தாக வேண்டும்.

கடன், இன்ஷூரன்ஸ், பதிவு ஆகியவற்றைப் பற்றியும் பேசவேண்டுமென்று குறித்துக்கொண்டு வந்தேன். எதிரே கடிகாரம் அவசரப்படுத்துகிறது. ஆகையால் வண்டி வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேளுங்கள், இனாம் சர்வீஸில் எதற்கெல்லாம் காசு உண்டு என்று எழுதி வாங்குங்கள், கேசரியும் காபியும் கொடுப்பார்கள், சாப்பிடுங்கள், சாப்பிட்ட கையோடு பின்கட்டுக்குப் போய், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அன்று நான் போனபோது ஒரு பையன், வயது இருபதுகூட இராது, ஓடும் எஞ்சின் பக்கத்தில் ஒருக்களித்துத் தலை சாய்த்து நின்றுகொண்டிருந்தான். என் பேத்திக்கு வண்டி வாங்குவதானால் அங்கேதான் வாங்குவேன்.