எழ மறுக்கும் கணினி

முற்றாகப் பழுதடைந்த பொறியைத் திருத்துவது எளிது. சில வேளை இயங்கி, சில வேளை மறுக்கும் பொறியைத் திருத்துவதே அரிது. இடைவிடாது காயும் காய்ச்சலைக் காட்டிலும், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல் வைத்தியரை எளிதில் ஏமாற்றிவிடும். அவர் நாடி பார்க்கும் வேளையில் நோயாளி நலமாக இருப்பார். மேசைக் கணினிக்கும் இத்தகைய நோய் உண்டு. காலையில் ஆளியை அழுத்தினால் விசிறி சுழலும். திரையோ இருண்டு கிடக்கும். நான்காம் முறை அழுத்தும்போது ஒன்றும் நடவாததுபோல் கணினி எழுந்துவிடும். திருத்துவோரிடம் கொண்டுசென்றால் அங்கே முதல் அழுத்திலேயே இயங்கும்.

இந்நோய்க்குப் பலரும் அவசரப்பட்டுச் செய்யும் வைத்தியம் ஒன்றுண்டு. வன்தட்டில் உள்ளவற்றை அழித்து, இயக்க முறைமையைப் புதிதாகப் பதிப்பதே அது. குடும்பத்தின் நிழற்படங்களும், மாணவர் பல மாதம் உழைத்து எழுதிய ஒப்படைகளும், சிறு வியாபாரியின் கணக்குகளும் இதனால் அழிந்துபோகின்றன. அழிந்த பின்னரும் நோய் தீராதிருப்பதே பெருந்துயரம். ஆகவே, எதையும் கழற்றுவதற்கும் அழிப்பதற்கும் முன்னர் ஒரு கேள்வியைக் கேட்டல் வேண்டும்: கணினி எழும் வழியில் எந்தப் படியில் நின்றுவிடுகின்றது?

கணினி படிப்படியாகவே எழுகின்றது. ஆளியை அழுத்தியதும், தாய்ப்பலகை மின்வழங்கிக்கு ஒரு குறிப்பை அனுப்பும். மின்வழங்கி 12, 5, 3.3 உவோற்று மின்னைத் தரத் தொடங்கும். அவை நிலைபெற்ற பின்னர், ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள், ‘மின் நன்று’ என்னும் குறிப்பை அது தாய்ப்பலகைக்கு அனுப்பும். அக்குறிப்பு வரும்வரை மையச் செயலி தன் வேலையைத் தொடங்காது. வந்தபின், தாய்ப்பலகையில் உள்ள நிலையான செய்நிரல் நினைவகத்தையும் பிற உறுப்புக்களையும் சோதிக்கும். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியிலும் இச்சோதனை இருந்தது. குறையில்லையெனில் ஒரு குறுகிய ஒலி எழும். இவையெல்லாம் முடிந்த பின்னரே வன்தட்டிலிருந்து இயக்க முறைமை ஏற்றப்படும்.

இவ்வொழுங்கை அறிந்தவர்க்கு நோயின் இடம் தெரியத் தொடங்கும். ஆளியை அழுத்தியும் விசிறி அசையவில்லையெனில், சுவர்க் குதை, மின்வடம், ஆளி, மின்வழங்கி ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். ஆளி உள்ளே சிக்கி அழுந்தியபடியே நின்றால், கணினி எழுந்த சில செக்கன்களில் தானே அணைந்துவிடும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், மின்வழங்கி, தாய்ப்பலகை, நினைவகம் ஆகியவற்றின்மேல் ஐயம் கொள்ளலாம்; திரையின் வடம் கழன்றிருக்கவும் கூடும். தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தோன்றிய பின்னர் நின்றால் மாத்திரமே வன்தட்டையும் இயக்க முறைமையையும் முதலில் ஆராய்தல் பொருந்தும். சோதனையையே கடவாத கணினி வன்தட்டை இன்னும் தொடவேயில்லை. தொடாத ஒன்றை அழிப்பதால் பயன் யாது?

காலையில் மறுத்து, சிறிது சூடேறியபின் எழும் கணினியில் ஐயத்துக்குரியது கொள்ளளவி என்னும் சிறிய உருளை. அதனுள் உள்ள மின்பகு திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றும், உள்தடை மிகும். குளிர்ந்த நிலையில் அத்தடை மேலும் கூடுவதால், தொடக்கத்தில் மின் நிலைபெறாது. சிறிது வெப்பம் ஏறியதும் உருளை ஒருவாறு தன் கடமையைச் செய்யும். 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த தாய்ப்பலகைகள் பலவற்றில், குறைபாடான திரவம் காரணமாக இவ்வுருளைகள் இளமையிலேயே கெட்டன. தலைப்பகுதி புடைத்திருத்தலும், பழுப்பு நிறக் கசிவும் இதன் அடையாளங்கள்.

இனி, விலையற்ற திருத்தங்களும் உண்டு. கடற்கரையோர ஊர்களின் ஈரமும் உப்பும் கலந்த காற்றில் உலோகத் தொடுகைகள் மாசடையும். நினைவகப் பலகையைக் கழற்றித் துடைத்து, மீண்டும் உறுதியாகச் செருகுவதால் எழுந்த கணினிகள் பல. அணைத்து வைக்கும் போதெல்லாம் நேரமும் திகதியும் மாறிவிடுமாயின், தாய்ப்பலகையிலுள்ள 3 உவோற்றுச் சிறு மின்கலத்தை மாற்றல் வேண்டும். அது தளர்ந்தால் சில தாய்ப்பலகைகள் எழவும் தயங்கும்.

ஆயினும், வந்து வந்து போகும் நோயில் ஒரு பொறி மறைந்திருக்கின்றது. எதைச் செய்தாலும், செய்த மறுகணம் கணினி தற்செயலாக எழக்கூடும். செய்தவர் அதுவே மருந்தென நம்பிவிடுவார். ஆதலால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மாத்திரமே செய்தல் வேண்டும். இரவு முழுவதும் குளிரவிட்டு, பல காலைகள் தொடர்ந்து சோதித்து, எழுந்ததையும் மறுத்ததையும் கொப்பியொன்றில் குறித்தல் வேண்டும். ஒரு முறை எழுந்தது சான்றாகாது. பத்து நாட்கள் தவறாது எழுந்தால் நம்பலாம்.

உயிருக்குக் காவலான விதியொன்றும் உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் அதனுள் 5 உவோற்று மின் நிற்கும். ஆகவே பெட்டியைத் திறக்குமுன் வடத்தைச் சுவரிலிருந்து கழற்றல் வேண்டும். மின்வழங்கியின் உட்பெட்டியையோ திறத்தலே ஆகாது. வீட்டுக்கு வரும் 230 உவோற்று மின், அங்கே ஏறத்தாழ 325 உவோற்று நேர்மின்னாகச் சேமிக்கப்படுகின்றது. வடத்தைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். ஐயமிருப்பின், நன்றாக இயங்கும் வேறொரு மின்வழங்கியை இணைத்துப் பார்த்தலே தக்கது.

இவையனைத்துக்கும் முந்திய கடமை ஒன்றுண்டு. கணினி எழுகின்ற நாளிலேயே, அரிய கோவைகளை வேறோரிடத்தில் பிரதிசெய்து வைத்தல் வேண்டும். கெட்ட உறுப்பைப் பணம் கொடுத்து மாற்றலாம். மாணவன் எழுதிய எழுத்தை எக்கடையிலும் வாங்க முடியாது. அந்தக் காவலைச் செய்தவர்க்கு அவசரம் இல்லை. அவசரம் இல்லாதவர் பொறுமையோடு படிப்படியாகத் தேடி நோயின் மூலத்தைக் கண்டுகொள்வார்.