கைபேசியில் கணக்கு: பெற்றோர் கவனத்திற்கு

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)





காசோலைகளைக் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தை உங்களிடம் மனம் விட்டுப் பேச விரும்புகிறோம். பொறியியல் சேர்ந்த நம் பிள்ளைகளை முதல் செமஸ்டரிலேயே மிரட்டுவது கணிதத் தாள். பிள்ளைகள் 'எம்-1' என்பார்கள். அணிகளும் நுண்கணிதமும் அதில் வருகின்றன. பிளஸ் டூ வரை தமிழில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகூட, ஆங்கிலத்தில் வேகமாக நடக்கும் வகுப்பில் திணறுகிறது. டியூஷனுக்குப் பணமில்லை. சந்தேகம் கேட்க வீட்டில் ஆளில்லை. அப்போது அந்தப் பிள்ளை கையில் எடுப்பது கைபேசியைத்தான்.

சென்ற ஆண்டு அரியர் விழுந்த இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினோம்.

ஒருவர் மாணவர். கணக்கைக் கேமராவில் காட்டினால் விடை தரும் செயலியை வைத்து எல்லா அசைன்மென்டையும் முடித்திருக்கிறார். "பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. தேர்வில் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்றார்.

மற்றவர் மாணவி. வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். அதை வாப்பா கடைக்கு எடுத்துப் போய்விடுவார். இரவு பத்து மணிக்கு மேல்தான் கைக்கு வரும். அப்போது எடுத்தாலும், "இந்நேரத்தில் என்ன போன்?" என்று உம்மா வாங்கி வைத்துவிடுவார்.

ஒரே தாள், ஒரே அரியர். ஒருவர் செயலியை அளவுக்கு மீறி நம்பினார். மற்றவருக்கு அது எட்டவே இல்லை. இரண்டையும் நாம் சரிசெய்தாக வேண்டும்.

முதலில், இந்தச் செயலிகள் எல்லாம் ஒரே வகையல்ல. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் பாடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கான் அகாடமியில் பள்ளிக் கணக்கிலிருந்து நுண்கணிதம் வரை பாடமும் பயிற்சியும் உண்டு. சல்மான் கான் என்பவர் 2004-இல் தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதே அதன் வித்து. ஆஸ்திரியாவில் ஒரு மாணவர் 2001-இல் உருவாக்கிய ஜியோஜீப்ரா, சமன்பாட்டைப் படமாக வரைந்து காட்டும். கேமராவில் காட்டினால் விடையும் வழிமுறையும் தரும் ஃபோட்டோமேத் 2014-இல் வந்தது. முதல் இரண்டும் பாடம் நடத்துகின்றன. மூன்றாவது கண்ணுக்குக் காட்டுகிறது. கடைசியானது செய்தே கொடுத்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான்.

இதற்கு நம் முன்னோர் ஒருவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பாக்தாதில், கலீஃபா மஃமூன் காலத்தில் வாழ்ந்த அறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. ஏறத்தாழ 820-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்தான் இன்றைய அல்ஜீப்ரா. அவர் பெயர் லத்தீனில் திரிந்துதான் 'அல்காரிதம்' வந்தது. வாரிசுகளுக்குச் சொத்துப் பங்கிடவும், வணிகம் செய்யவும், நிலம் அளக்கவும் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்றே அந்நூலை எழுதினார்.

அதில் ஒரு கணக்கு: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது? அவர் வழி இது: பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39-உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5-ஐக் கழித்தால் 3. ஏன் 25-ஐக் கூட்ட வேண்டும் என்பதற்கு ஒரு சதுரம் வரைந்தும் விளக்குகிறார்.

இதே கணக்கைக் கேமராவில் காட்டினால் நொடியில் 3 வரும். கூடவே −13 என்ற எதிர்ம விடையும் வரும். ஆனால் அந்த 25 எங்கிருந்து வந்தது என்பது, பிள்ளை தன் கையால் ஒருமுறை அந்தச் சதுரத்தை வரைந்தால்தான் மனதில் நிற்கும். தேர்வுக் கூடத்துக்குள் போன் வராது. கை பழகியதுதான் வரும்.

மக்கள் ஒரு புதிய தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று பேராசிரியர் விஸ்வநாத் வெங்கடேஷும் சக ஆய்வாளர்கள் மூவரும் 2003-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். மாணவர்கள் கல்விச் செயலிகளை ஏற்பதை ஆராய்பவர்களும் அதைக் கையாள்கிறார்கள். அதில் நான்கு காரணங்கள்: பயன் கிடைக்கும் என்ற நம்பிக்கை, கையாள எளிமை, சுற்றியிருப்போர் சொல், தேவையான வசதி. முதல் இரண்டும் செயலியைப் பொறுத்தவை. பின் இரண்டும் நம் கையில் இருப்பவை. அந்த மாணவிக்கு இல்லாமல் போனது இவை இரண்டும்தான்.

ஆகவே பெற்றோர்களே, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், தொழுகை நேரம் போக, ஒரு மணி நேரமாவது படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு போன் இருக்கட்டும். மகனுக்குத் தரும் நம்பிக்கையை மகளுக்கும் தாருங்கள். கண்காணிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. போனுக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. "இந்த வரி எப்படி வந்தது, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லத் தெரிந்தால் பிள்ளை படித்திருக்கிறது. விழித்தால் பார்த்து எழுதியிருக்கிறது.

பிள்ளைகளே, முதலில் இருபது நிமிடம் தாளில் முயலுங்கள். எங்கே நிற்கிறீர்களோ, அந்த ஒரு படியை மட்டும் செயலியில் பாருங்கள். மூடிவிட்டு மீதியைச் செய்யுங்கள். மறுநாள் அதே கணக்கைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

எங்கள் பங்குக்கு, இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அறக்கட்டளை நூலகத்தில் கணக்கு வகுப்பு நடக்கும். அரியரைத் தாண்டி வந்த மூத்த மாணவர்களே உதவுவார்கள். மாணவிகளுக்குத் தனி அறை. மூத்த மாணவிகள் நடத்துவார்கள். இணைய வசதி உண்டு. புதுப் போன் வாங்கியவர்கள், நல்ல நிலையிலுள்ள பழைய போனை அலமாரியில் பூட்டி வைக்காமல் எங்களிடம் கொடுங்கள். போன் இல்லாத மாணவிகளுக்கே முதலில் தருவோம். அதுவும் ஸதகாதான்.

இன்று நாம் கொடுக்கும் காசோலை கல்லூரி வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். பட்டத்தோடு வெளியே வர, வீட்டில் அந்த ஒரு மணி நேரம் வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.