கறுப்பு முகத் தேவதூதர்கள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தின் ஓரத்தில் ஹென்பரி என்று ஒரு பகுதி. அங்கே புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே ஒரு கல்லறை மட்டும் வண்ணம் பூசி நிற்கிறது. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். இரண்டிலும் சிறகு முளைத்த குழந்தை முகங்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கல்லறைகளில் இந்தத் தேவதூதர்கள் சகஜம். ஆனால், இங்கே அந்த முகங்கள் கறுப்பு.

அடியில் இருப்பவன் 18 வயதுப் பையன். சஃபோக் பிரபுவின் கறுப்பின வேலைக்காரன், 1720 டிசம்பர் 21-இல் இறந்தான் என்கிறது கல். பெயர் சிப்பியோ ஆப்ரிக்கானஸ். பெற்றவர்கள் வைத்ததாக இருக்காது. ஹன்னிபாலை ஆப்பிரிக்க மண்ணில் தோற்கடித்த ரோமானியத் தளபதியின் பெயர் அது. எசமானர்களின் வேடிக்கை!

கால்மாட்டுக் கல்லில் ஒரு பாட்டு. பையனே பேசுவதுபோல யாரோ எழுதியது. அடிமையாகப் பிறந்தவன் கிறிஸ்தவனாக உறங்குகிறானாம். அவனுடைய கருமையை இரட்சகர் ஒளியாக மாற்றிவிடுவாராம். எசமானருக்கு நன்றி வேறு. பாட்டு இப்படிச் சொல்ல, அதே கல்லறையில் தேவதூதர்களே கறுப்பாக இருக்கிறார்கள். பரலோகத்திலும் அவன் நிறத்தில் ஆள் உண்டு என்று உளியும் தூரிகையும் சொல்லிவிட்டன. பாட்டு எழுதியவரைவிட அந்தக் கைகள்மேல்தான் எனக்கு மரியாதை.

பிரிஸ்டல் அடிமை வணிகத்தில் கொழுத்த துறைமுகம். அந்த வணிகத்தில் பங்கு கொண்ட எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895-இல் அங்கே வெண்கலச் சிலை வைத்தார்கள். 2020 ஜூன் 7 அன்று இனவெறிக்கு எதிரான போராட்டக்காரர்கள் அதைக் கயிறு கட்டிச் சாய்த்து, உருட்டிப்போய்த் துறைமுக நீரில் தள்ளினார்கள். பத்து நாளுக்குள் ஹென்பரியில் யாரோ சிப்பியோவின் கல்லை இரண்டாக உடைத்துவிட்டார்கள். சிலையைத் திரும்ப வை என்று பக்கத்தில் சாக்பீஸ் மிரட்டல். சிலை சாய்ந்த கோபத்தைக் கொட்ட, முந்நூறு வருஷமாக மண்ணுக்குள் கிடக்கும் வேலைக்காரப் பையன்தான் அகப்பட்டான்.

சிப்பியோ இறந்து பத்து மாதம் ஆகுமுன் கோல்ஸ்டனும் இறந்தார், 84 வயதில். தண்ணீரிலிருந்து எடுத்த அவர் சிலை பிரிஸ்டல் அருங்காட்சியகம் ஒன்றில் மல்லாந்து கிடக்கிறது, போராட்டக்காரர்கள் பூசிய பெயிண்ட்டைக் கழுவாமலே. உடைந்த கல்லைச் சீராக்க மக்கள் பணம் போட்டார்கள்.